நிறுத்தியதை எழுதி வையுங்கள்!



இரயிலே இல்லாத தீவில் இரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று என்னைக் கேலி செய்யாதவர் நம் சங்கத்தில் இல்லை. சிக்னல் பிரிவிலிருந்து 2018-இல் ஓய்வு பெற்று, மகள் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தேன். டிப்ளமா படித்த கை சும்மா இருக்குமா? அக்கம்பக்கத்துக் கணிப்பொறிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது பொழுதுபோக்காயிற்று. அதில் நான் செய்த தவறு ஒன்றை இன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் அது ஒளிந்திருக்கலாம்.

2023 ஜூன் மாதம், இரவு 9 மணி. பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "தாத்தா, புது பிரிண்டர் வேலையே செய்யல. காலையில சென்னைக்கு பிளைட். காலேஜ் பாரம் பிரிண்ட் எடுக்கணும்!" வயரை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். மை டப்பாவையும் மாற்றியாயிற்று.

பிரிண்டர் மேல் குற்றமில்லை. கணிப்பொறிக்குள் நம் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும் வேலையாட்களுக்கு 'சர்வீசஸ்' என்று பெயர். அந்தப் பட்டியலைத் திறந்தேன். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' முடக்கப்பட்டிருந்தது. இன்னும் கீழே போனால், 'விண்டோஸ் அப்டேட்' சர்வீசும் முடக்கம். யார் செய்த வேலை என்று யோசித்தேன். நானேதான்!

இரண்டுக்கும் அன்று காரணம் இருந்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கி வைக்கப்படும் வரை, நமக்கு இணையம் செயற்கைக்கோள் வழியே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அந்தச் சொட்டையும் அப்டேட் குடித்துவிடுகிறதே என்று 2018-இல் அதை முடக்கினேன். 2021 ஜூலையில் ஸ்பூலரில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் வரும்வரை ஸ்பூலரை நிறுத்தி வைக்கலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே சொன்னது. அந்த வீட்டில் அப்போது பிரிண்டர் இல்லை, நிறுத்திவிட்டேன். காரணங்கள் போய்விட்டன, முடக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இது சிறிய விஷயமல்ல. 2017 மே 12-இல் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அதற்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்திருந்தது! அப்டேட் செய்யாத கணிப்பொறிகளே மாட்டின.

சிக்னலில் ஒரு முறை உண்டு. முதலில் பாயிண்ட் சரியாக அமைந்து பூட்ட வேண்டும். பிறகுதான் சிக்னல் விழும். இங்கும் அதே வரிசைதான். ஸ்பூலரின் ஓட்டையை அடைக்கும் திருத்தமே அப்டேட் வழியாகத்தான் வரவேண்டும். எனவே இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்பூலரை இயக்கி, அவளுடைய பாரத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தேன். பிறகு ஸ்பூலரை நிறுத்தி, இணையத்தை இணைத்து, அப்டேட்டை இரவு முழுவதும் ஓடவிட்டேன். எல்லாம் முடிந்தபின்தான் ஸ்பூலரை நிரந்தரமாக இயக்கினேன்.

நீங்களும் பார்க்கலாம். தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சர்வீசஸ்' என்று தட்டச்சு செய்து திறங்கள். சர்வீசின் பெயர் மேல் இருமுறை கிளிக் செய்தால் 'ஸ்டார்ட்அப் டைப்' தெரியும். 'ஆட்டோமேட்டிக்' என்பது கால அட்டவணை இரயில்; தானே புறப்படும். 'மேனுவல்' என்பது ஸ்பெஷல் இரயில், தேவைப்படும்போது ஓடும். 'டிசேபிள்ட்' என்றால் லைன் பிளாக். யார் கூப்பிட்டாலும் ஓடாது. பிரிண்ட் ஸ்பூலர் ஆட்டோமேட்டிக்கிலும், விண்டோஸ் அப்டேட் மேனுவலிலும் இருப்பதே இயல்பு. மாற்றியபின் 'அப்ளை' கொடுத்து, 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். தெரியாத சர்வீசில் கை வைக்காதீர்கள். ஒன்றை நம்பி இன்னொன்று ஓடுகிறது. டேட்டா செலவுதான் கவலை என்றால் அப்டேட்டை முடக்க வேண்டாம். நெட்வொர்க் அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்று வைத்தாலே பெரும்பகுதி மிச்சமாகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரயில்வேயில் ஒரு சிக்னல் கருவியைக் கழற்றுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'டிஸ்கனெக்‌ஷன் மெமோ' கொடுப்போம். வேலை முடிந்ததும் மீண்டும் இணைத்ததற்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் ஒரு கம்பியைத் தொடக்கூடாது என்று இளைஞர்களுக்குப் பாடம் சொன்னவன், பக்கத்து வீட்டில் எழுதாமல் தொட்டேன்.

இப்போது அந்த வீட்டுக் கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறது. எதை நிறுத்தினோம், எந்தத் தேதி, ஏன், எப்போது திரும்ப இயக்கவேண்டும் என்று நான்கு கட்டம். உங்கள் வீட்டிலும் ஒன்று ஒட்டி வையுங்கள்.