கூரைத் திறப்பைப் பெரிதாக்கலாமா? கான்கிரீட்டை வெட்டும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: மாடிப்படி இல்லாத பல வீடுகளில், மொட்டை மாடிக்குச் செல்வதற்காக ஓர் ஆள் நுழையும் அளவில் கூரையில் சதுரத் திறப்பு விடப்பட்டிருக்கும். எப்போதாவது ஏணி வைத்து ஏறித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்கு அது போதும். ஆனால், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் போன்றவற்றின் மூலம் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவோர், அவற்றைத் துடைக்க அடிக்கடி மேலே செல்ல வேண்டும். அத்தகையோர் திறப்பை அகலப்படுத்தி, நிலையான படிக்கட்டு அமைக்க விரும்புவது இயல்பே. எனினும், இது வீட்டின் தாங்குதிறனைப் பாதிக்கக்கூடிய பணியாகும்.

கம்பியை அறுத்தால் என்ன ஆகும்?

கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இரு சுவர்களுக்கு இடைப்பட்ட கூரைத் தளத்தின் நடுப்பகுதியில், அடிப்புறம் இழுவிசைக்கு உள்ளாகிறது. அதை ஏற்பவை உள்ளே பதிக்கப்பட்ட எஃகுக் கம்பிகள். ஒரு கம்பி அறுக்கப்பட்டால், அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்கு மாறுகிறது. திறப்பின் மூலைகளில் சாய்வாகத் தோன்றும் விரிசல் இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

முறையாகக் கட்டப்பட்ட கூரையில், திறப்பைச் சுற்றிக் கூடுதல் கம்பிகள் வைக்கப்பட்டிருக்கும். அகலப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுபவை அவையே. ஆகவே, சிறிய திறப்பு பல ஆண்டுகள் பாதுகாப்பாக இருந்தது என்பது, பெரிய திறப்பும் பாதுகாப்பானது என்பதற்கு உறுதி ஆகாது.

மரத்தாலான மேல்தளம் உள்ள பழைய வீடுகளுக்கும் இதே கோட்பாடு பொருந்தும். ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்தால், அதன் முனைகளைத் தாங்கும் புதிய சட்டத்தைப் பொருத்தி, சுமையை இருபுறச் சட்டங்களுக்கும் கடத்த வேண்டும். அந்தச் சட்டங்களையும் வலுப்படுத்த வேண்டும்.

பாதுகாப்பான முறை எது?

கட்டமைப்புப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, கம்பிகள் செல்லும் திசையையும் உத்திரங்களின் இடத்தையும் கண்டறிவதே முதல் படி. தளத்துக்குள் மின்குழாய்கள் செல்லக்கூடும் என்பதால் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

அடுத்து, வெட்டப்படும் பகுதியைச் சுற்றிலும் கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். பொறியாளர் வடிவமைத்த எஃகு உத்திரங்களைச் சுவர்களில் ஊன்றிய பிறகே வெட்டத் தொடங்கலாம். சம்மட்டியால் இடித்தால் அதிர்வு பரவி, எஞ்சிய தளத்திலும் விரிசல் விழக்கூடும்; கான்கிரீட் அறுக்கும் கட்டர் இயந்திரமே ஏற்றது. 12 செ.மீ. கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டர் பகுதி சுமார் 300 கிலோ எடை இருக்கும். எனவே, அதைச் சிறு துண்டுகளாகவே அறுத்து இறக்க வேண்டும்.

இறுதியாக, மழைநீர் புகாதபடி மேலே விளிம்புச் சுவரும் மூடியும், தவறி விழாதிருக்கக் கைப்பிடியும் அவசியம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கூடுதல் கவனம்

மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடம் இடிந்து 17 பேர் உயிரிழந்தனர். தரைத்தளத்தில் நடைபெற்ற மாற்றுப் பணிகள் கட்டடத்தைப் பலவீனப்படுத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டது. அது கூரைத் திறப்பு தொடர்பான விபத்து அன்று. ஆயினும், ஒரு வீட்டில் செய்யப்படும் மாற்றம் மற்ற வீடுகளில் வசிப்போரின் உயிரையும் பாதிக்கலாம் என்பதை அது உணர்த்தியது.

அடுக்குமாடிகளில் ஒரு வீட்டின் கூரையே மேல்வீட்டின் தரை. மேல்தளத்தில் உள்ளவர்களின் கூரையும் பெரும்பாலும் பொதுச் சொத்தாகும். எனவே, பொறியாளரின் வரைபடத்துடன் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலையும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியையும் பெற்ற பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.