கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பாசித் தோட்டம்

"வாசலில் கடல் இருக்க, வீட்டுக்குள் இன்னொரு கடல் எதற்கு?" என் மும்பை வீட்டுக்கு வரும் சங்க அன்பர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

மீனுக்கு எதிரி அதன் கழிவே. கழிவிலுள்ள அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். அது நீரிலேயே தேங்கும். அதைத் தின்று வளரத்தான் பாசி. பெரிய தொட்டிக்கு அடியில் சிறு தொட்டி, ஒரு விளக்கு, ஒரு பம்ப், அவ்வளவே. மேலே விளக்கை அணைத்ததும் கீழே போடுவேன். இரவில் கரியமில வாயு கூடி நீரின் காரத்தன்மை குறைவதை இது தடுக்கும்.

நான் வளர்ப்பது கீட்டோமார்ஃபா. பார்வைக்குச் சிக்கிப்போன பச்சைத் தூண்டில் நரம்பு! கூடவே கொஞ்சம் கஞ்சிப்பாசி. மண்டபம் பக்கம் நம் பெண்கள் கடலில் முங்கி எடுப்பார்களே, அதேதான். சர்ஜன் மீனுக்கும் ஓராவுக்கும் அது விருந்து. வாரம் ஒரு பிடி அறுத்தெடுக்க வேண்டும்; விட்டுவைத்து அழுகினால், தின்றதெல்லாம் நீருக்கே திரும்பிவிடும்.

காலெர்பா என்றொரு பாசி உண்டு. கொள்ளை அழகு, ஆனால் நம்ப முடியாது. திடீரென ஒரே இரவில் வித்துகளை உதிர்த்துத் தானும் மடிந்து, நீரைக் கலக்கிவிடும். அதில் டாக்ஸிஃபோலியா என்ற வகை 1984இல் மொனாக்கோ கரையோரம் தென்பட்டு, மத்தியதரைக் கடலில் பரவியது. மீன்காட்சியகத் தொட்டியிலிருந்து தப்பியதாகவே கருதுகிறார்கள். துண்டு விழுந்தாலே முளைக்கும் ஜாதி!

"மிச்சத்தைக் கடலிலேயே கொட்டலாமே" என்றார் ஒரு நண்பர். கூடவே கூடாது. என் மிச்சப் பாசி நல்ல தண்ணீரில் அலசப்பட்டு, மொட்டைமாடி வெயிலில் காய்ந்து, மல்லிகைத் தொட்டிக்குப் போகிறது.