இரண்டாம் தரச் சிரஞ்சீவிகள்: பேஸ்பால் புகழ்க்கூடமும் ‘தகுதி’ என்னும் அளவுகோலும்

ஒருவரைப் பெருமைப்படுத்த எடுக்கப்படும் முடிவே அவரை அவமதிப்பதாகவும் அமைய முடியுமா? 1971 பிப்ரவரியில் அமெரிக்காவில் அப்படி நடந்தது. பேஸ்பால் கண்ட மாபெரும் பந்தெறிவாளர்களுள் ஒருவரான சாட்செல் பெய்ஜ், கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனப்படும் புகழ்க்கூடத்தில் இடம்பெறுவார் என்று அறிவித்தார்கள். ஆனால் அவருடைய இடம் மற்ற வீரர்களின் நினைவுப் பட்டயங்களுக்கு நடுவே அன்று. கறுப்பினத்தவர் லீக்குகளுக்கென அமைக்கப்படவிருந்த தனிப் பகுதியில். அறிவிப்பு நாளில் பெய்ஜ் பெருமிதத்துடனேயே பேசினார். எனினும், இரண்டாம் தரக் குடிமகனாக இருந்த தன்னை இரண்டாம் தரச் சிரஞ்சீவியாக மாற்றியிருக்கிறார்கள் என்று அவர் கூறியதாகச் சொல்லப்படும் கூற்றே வரலாற்றில் நிலைத்துவிட்டது.

தேநீர் கிடைக்கிறதே, குவளை எதுவானால் என்ன என்று கேட்பவர்களை நாம் நன்கறிவோம். அதனால்தான் கடல்கடந்த இந்த விளையாட்டின் கதை நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஓய்வுபெற்ற கறுப்பினப் பந்தெறிவாளர்கள் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்துச் சொன்னவற்றைச் சட்டத்தின் கண்கொண்டு வாசித்தால், ‘தகுதி’ என்னும் சொல்லின் உள்ளியக்கம் வெளிப்படுகிறது.

எழுதப்படாத விதி

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்குரிய இடம் பேஸ்பாலில் ‘பிட்சர்’ எனப்படும் பந்தெறிவாளருக்கு உண்டு. சற்றே உயர்ந்த மேட்டின் மீது நின்று ஒவ்வொரு பந்தையும் அவரே தொடங்கிவைக்கிறார். மட்டையாளரின் பலவீனத்தைக் கணித்து வேகத்தையும் திசையையும் மாற்றும் அவரது பணி, உடல் வலிமையோடு மதிநுட்பத்தையும் கோருவது. 1936இல் புகழ்க்கூடத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐவருள் கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய இருவர் பந்தெறிவாளர்கள். அவ்விருவரும் ஆடிய லீக்குகளில் கறுப்பின மட்டையாளர் ஒருவர்கூட இல்லை.

கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று மேஜர் லீக் விதிநூலில் எங்கும் எழுதப்படவில்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்காக ஆடினார். 1887இல் இன்டர்நேஷனல் லீக், கறுப்பின வீரர்களோடு இனிப் புதிய ஒப்பந்தங்கள் கூடாது என முடிவெடுத்தது. அதன்பின் மேஜர் லீக்கில் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, ‘கனவான்களின் ஒப்பந்தம்’ எனப்பட்ட வாய்மொழி ஏற்பாடே சட்டமாக இருந்தது. எழுதப்படாத விதியை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம். எங்கள் ஊரில் அப்படியொன்றும் இல்லையே என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

விலக்கப்பட்டவர்கள் தங்களுக்கான அமைப்புகளைத் தாங்களே உருவாக்கினார்கள். தாமே சிறந்த பந்தெறிவாளரான ரூப் ஃபாஸ்டர் 1920இல் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அந்த உலகம் வளர்த்தெடுத்தவரே பெய்ஜ். 1906இல் அலபாமாவின் மொபைல் நகரில் பிறந்து, சீர்திருத்தப் பள்ளியில் பந்தெறியக் கற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பின லீக்குகளில் ஆடிய அவர், 1948 ஜூலையில் தமது 42ஆம் பிறந்தநாளன்றுதான் மேஜர் லீக்கின் கிளீவ்லாந்து அணியில் ஒப்பந்தமானார். அந்த வயதில் அவரைச் சேர்ப்பது லீக்கின் தரத்தைத் தாழ்த்தும் என விளையாட்டு இதழ் ஒன்றின் ஆசிரியர் சாடினார். அந்தப் பருவத்தில் பெய்ஜ் ஆறு வெற்றிகளை ஈட்டினார், தோல்வி ஒன்றே. அணி வாகை சூடியது.

எனினும், இளமையும் வேகமும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. இனத்தடையை உடைக்கும் முதல் வீரராகத் தாம் தேர்ந்தெடுக்கப்படாதது எவ்வளவு வலித்தது என்பதைப் பெய்ஜ் 1962இல் வெளிவந்த தன்வரலாற்றில் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார்.

பத்தாண்டு நிபந்தனை

புகழ்க்கூடத்தில் சேர, மேஜர் லீக்கில் குறைந்தது பத்துப் பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். இந்த விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் 42 வயதுவரை வாயிலில் நிறுத்தப்பட்டவர் பத்துப் பருவங்களுக்கு எங்கே போவார்? பெய்ஜ் ஆடிய மேஜர் லீக் பருவங்கள் ஆறு. அவற்றுள் கடைசி, 1965இல் தமது 59ஆம் வயதில் எறிந்த மூன்றே இன்னிங்ஸ். கதவைச் சாத்தியவர்களே, நீ உள்ளே இருந்த ஆண்டுகள் போதவில்லை என்றார்கள்.

பெய்ஜ் பற்றிய அறிவிப்பு வந்த மறுமாதமே, 1971 மார்ச் 8 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் தீர்ப்பளித்தது. வட கரோலினாவின் மின் நிலையம் ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த ஊதியமுள்ள பிரிவில் மட்டுமே அமர்த்தப்பட்டிருந்தனர். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் அதைத் தடைசெய்ததும், நிர்வாகம் பள்ளிச் சான்றிதழையும் எழுத்துத் தேர்வுகளையும் நிபந்தனையாக்கியது. விதி எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தாலும், அது பழைய பாகுபாட்டின் விளைவுகளை உறையவைக்குமானால், வேலைத்திறனோடு அதற்குத் தொடர்பில்லையானால், அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. நோக்கத்தை மட்டுமன்றி விளைவையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

புகழ்க்கூடத்தின் பத்தாண்டு விதி அந்த வழக்கில் பேசப்படவில்லை. ஆயினும் அந்தத் தர்க்கம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. தனிப் பகுதி என்ற ஏற்பாட்டை ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட பலர் கண்டித்தனர். ஜூலை மாதத்தில் முடிவு மாற்றப்பட்டது. 1971 ஆகஸ்ட் 9 அன்று பெய்ஜ் முழு உறுப்பினராகவே சேர்க்கப்பட்டார். அந்தப் பட்டயம் இன்று மற்றவர்களுடையதோடு இருப்பதற்குக் காரணம் எதிர்ப்புக் குரலேயன்றி எவருடைய பெருந்தன்மையும் அன்று.

ஓய்வுக்குப் பின் அவர்கள் சொன்னவை

தடை நீங்கியபின் வந்தவர்களின் அனுபவம் வேறு வகையானது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்சன் அதற்குச் சான்று. 1968ஆம் ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் 17 மட்டையாளர்களை வீழ்த்தியவர் அவர். பந்தெறிவாளர்களின் ஆதிக்கம் மிகுந்த அந்த ஆண்டுக்குப் பின், அவர்கள் நிற்கும் மேட்டின் உயரத்தையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 1981இல் அவர் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்.

அவருடைய நினைவுகளில் வெற்றிகளோடு வேறு சிலவும் பதிவாகியுள்ளன. கூடைப்பந்து வீரராக இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியபோது, கறுப்பின மாணவர்களுக்கான எண்ணிக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. இட ஒதுக்கீட்டுக்காக வாதாடும் நாம் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இத்தனை பேருக்குக் குறையக் கூடாது என்பது தளம்; இத்தனை பேருக்கு மேல் கூடாது என்பது கூரை. கிப்சனுக்குக் காட்டப்பட்டது கூரை. திறந்த போட்டி இடங்கள் எவருக்கும் உரிய ஒதுக்கீடு அல்ல, எல்லோருக்குமானவை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் சௌரவ் யாதவ் வழக்கில் சொல்ல நேர்ந்தது, நம் நாட்டிலும் தளத்தைக் கூரையாக மாற்றும் முயற்சிகள் நடப்பதால்தான்.

ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த பயிற்சி முகாம்களில், வெள்ளையின வீரர்கள் விடுதியில் தங்க, கிப்சன் போன்றவர்கள் நகரின் மறுபுறத்தில் கறுப்பினத்தவர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். 1961இல் அவ்வூர் மருத்துவரும் உரிமைப் போராளியுமான ரால்ஃப் விம்பிஷ், கறுப்பின வீரர்களுக்குத் தனி இடம் ஏற்பாடு செய்துதரும் பணியை இனிச் செய்யப்போவதில்லை என்று அறிவித்தார். அநீதி சிக்கலின்றி நடைபெற உதவிவந்த ஒத்துழைப்பை அவர் விலக்கிக்கொண்டார். கார்டினல்ஸ் அணியின் பில் வைட்டும் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அதன்பின் அணியினர் அனைவரும் ஒரே விடுதியில் தங்கும் நிலை உருவானது.

புகழ்க்கூடத்தில் இடம்பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1994இல், கிப்சன் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பு ‘ஸ்ட்ரேஞ்சர் டு தி கேம்’. ஆட்டத்துக்கு அந்நியன் என்று பொருள். பட்டயம் கிடைத்தது; ஓர் அணியை வழிநடத்தும் மேலாளர் பொறுப்பு அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

டான் நியூகோமின் கதையும் குறிப்பிடத்தக்கது. மிகச்சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருது 1956இல் நிறுவப்பட்டபோது அதை முதலில் பெற்றவர் அவரே. கறுப்பின லீக்கில் தொடங்கி, இரண்டு பருவங்களை இராணுவப் பணியில் இழந்த அவர், 2019இல் மறையும்வரை புகழ்க்கூடத்தில் சேர்க்கப்படவில்லை. ஆனால் அவர் தம் வாழ்வின் பெரும் பேறாக நினைவுகூர்ந்தது வேறொன்றை. கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு தம் வீட்டுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், நீங்களும் ராபின்சனும் மற்றவர்களும் களத்தில் செய்தது என் பணியை எவ்வளவு எளிதாக்கியது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்னும் பொருள்படக் கூறினார் என்று நியூகோம் சொல்லிவந்தார். எந்தத் தேர்வுக் குழுவும் வழங்கவோ மறுக்கவோ முடியாத பெருமை அது.

மட்கேட் கிராண்ட் மற்றொரு வழியைத் தேர்ந்தார். ஒரே பருவத்தில் இருபது ஆட்டங்களை வென்ற கறுப்பினப் பந்தெறிவாளர்களை ‘பிளாக் ஏசஸ்’ என்னும் பெயரில் நூலாக்கினார். பிறர் கூடம் கட்டும்வரை காத்திராமல், தம்மவரின் புகழ்க்கூடத்தைத் தாமே எழுத்தில் கட்டினார்.

ஏடுகள் யாருடையவை?

விளையாட்டில் தகுதிக்கான சான்று புள்ளிவிவரம். அந்த ஏட்டில் எது இடம்பெறும் என்பதை முடிவுசெய்தவர்கள் யார்? 1969இல் ஒரு சிறப்புக் குழு, வரலாற்றில் எந்தெந்த லீக்குகள் ‘மேஜர்’ என வரையறுத்தது. 1884இல் ஒரே ஆண்டு நடந்து மறைந்த யூனியன் அசோசியேஷனும், 1890இல் ஒரே ஆண்டு நடந்த பிளேயர்ஸ் லீக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றன. பல்லாண்டுகள் இயங்கிய கறுப்பின லீக்குகள் இடம்பெறவில்லை.

புகழ்க்கூடம் அமைத்த சிறப்புக் குழு 1971 முதல் 1977 வரை ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைக்கப்பட்டது. 2006இல் மற்றொரு குழு 17 பேரைச் சேர்த்தது. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கறுப்பின லீக்குகளுக்கு மேஜர் லீக் தகுதி அறிவிக்கப்பட்டது. சுமார் 3,400 வீரர்கள் அதனால் அங்கீகாரம் பெற்றனர். 2024 மே மாதத்தில் அவர்களின் ஆட்டக் கணக்குகள் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்ந்தபோது, வாழ்நாள் மட்டைவீச்சுச் சராசரியில் டை காப் வகித்துவந்த முதலிடம் கறுப்பின லீக்குகளின் ஜாஷ் கிப்சனுக்குச் சென்றது. ஜாஷ் கிப்சன் மறைந்தது 1947இல். ஏடு திருத்தப்பட்டது, அதைக் காண அவர் இல்லை.

நமது களத்தில்

இந்த வரலாற்றுக்கு ஈடான ஒன்று நம் துணைக்கண்டத்திலும் உண்டு. சமார் சமூகத்தில் பிறந்த இடக்கைப் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். புனேயில் அவர் வீசிய பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். ஆனால் அவருக்குத் தேநீர் ஆட்டக்கூடத்துக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தரப்பட்டது. அவருடைய கை அணிக்குத் தேவைப்பட்டது. இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல் அப்பொறுப்புக்கு வந்ததும் நெடிய போராட்டத்துக்குப் பிறகே. உழைப்பை ஏற்றுக்கொண்டு தலைமையை மறுப்பதில் நிறவெறிக்கும் சாதிக்கும் வேறுபாடு இல்லை.

நம் சட்டமும் மெல்ல இவ்விடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2019இல் பி.கே. பவித்ரா வழக்கில், தகுதி என்பது தேர்வு மதிப்பெண் மட்டுமன்று என உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2021இல் இராணுவப் பெண் அதிகாரிகள் தொடர்பான நிதிஷா வழக்கில், கிரிக்ஸ் தீர்ப்பையும் பரிசீலித்து, மறைமுகப் பாகுபாடு என்னும் கோட்பாட்டை ஏற்றது. பொதுவான விதி என்று சொல்லப்படும் ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு இத்தீர்ப்புகள் சட்ட வலிமை தருகின்றன: இந்த நிபந்தனையை நிறைவேற்றும் வாய்ப்பு இதற்குமுன் எங்களுக்கு இருந்ததா? பணிமூப்பு, முன் அனுபவம், ‘தகுந்த நபர் கிடைக்கவில்லை’ என்னும் குறிப்பு ஆகிய அனைத்தையும் இக்கேள்வியால் சோதிக்கலாம். நியமன ஆணைகளையும் காலிப்பணியிடப் பதிவேடுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று வாதிடலாம்.

2025இல் புகழ்க்கூடத்துக்குத் தேர்வான கறுப்பினப் பந்தெறிவாளர் சி.சி. சபாத்தியா, அந்த மேடையில் உரையாற்றும் கடைசிக் கறுப்பினப் பந்தெறிவாளராகத் தாம் இருக்க விரும்பவில்லை என்றார். அவர் கவலைக்குக் காரணம் உண்டு. 1981இல் மேஜர் லீக் வீரர்களுள் சுமார் 18 விழுக்காடாக இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர், இன்று சுமார் 6 விழுக்காடே. இறந்தவர்களின் கணக்கு ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், உயிரோடிருப்பவர்கள் களத்திலிருந்து குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே சிலைகளையும் பட்டயங்களையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. அவை நம் முன்னோரின் உரிமை. ஆனால் ஒரு நிறுவனம் நம்மவர் ஒருவரின் படத்தைத் திறந்துவைக்கும் நாளில், அதன் ஊழியர் பட்டியலையும் தேர்வு விதிகளையும் உடன் கேட்க வேண்டும். படம் சுவரில் இருக்கும். அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே வழக்கு.