சூரிய மகுடத்தில் ஒரு பச்சைக் கோடு

நில்லாது செல்லும் மெயில் வண்டி நிலையத்தை நெருங்குகையில் அதன் ஊதல் கூர்மையாக ஒலிக்கும். நம்மைக் கடந்ததும் அவ்வொலி தணிந்துவிடும். ரயில்வேயில் கணக்கெழுதும் எனக்கு இது அன்றாட அனுபவம். வண்டியின் ஓட்டம் ஒலி அலைகளை முன்னே நெருக்கிப் பின்னே விரிக்கின்றது. 1842இல் டாப்ளர் கூறிய இவ்விதியை, 1845இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பாய்ஸ் பாலட், எக்காளம் ஊதுவோரை ரயிலில் ஏற்றிச் சோதித்து மெய்ப்பித்தார்.

ஒளிக்கும் இவ்விதி பொருந்தும். நம்மை நெருங்கும் பொருளின் நிறமாலைக் கோடு நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் கோடு சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் 1909இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இம்முறையால் கண்டறிந்தார்.

சூரியனைச் சூழ்ந்த ஒளிமகுடத்தை முழுக் கிரகணத்தின்போதே வெறுங்கண்ணால் காணலாம். 1869ஆம் ஆண்டுக் கிரகணத்தில் அதன் ஒளியில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. அறிந்த பொருள் எதற்கும் அது பொருந்தாமையால், ‘கொரோனியம்’ என்னும் புதுத் தனிமம் உண்டெனக் கருதினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து ஸ்வீடன் நாட்டு எட்லேன் உண்மையை விளக்கினார். அது நம் தண்டவாளத்து இரும்புதான்! ஆயின், பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு. அதற்குப் பத்து லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பைவிட அதன்மேல் எழும் ஆவி சுடுவது போன்ற விந்தை இது!

விடை தேட, மகுடத்திலுள்ள பிளாஸ்மாவின் அசைவை அளக்கின்றனர். அது விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரின், கோடு தன் அலைநீளத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கே நகரும். நகர்வு ஓட்டத்தைக் காட்டும். கோட்டின் அகலம் கொந்தளிப்பைக் காட்டும். வெப்பம் ஒன்றால் நேரக்கூடிய அளவினும் கோடு அகன்றே காணப்படுகிறது. அந்த மிகுதிக்குக் காரணமான அசைவுகளே மகுடத்தைச் சூடேற்றுகின்றனவா? முழு விடை இன்னும் கிட்டவில்லை.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஆதித்யா எல்-1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை நோக்குகிறது. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் சமைத்த அதன் கருவி, சூரிய வட்டத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, அதே பச்சைக் கோட்டை ஆராய வல்லது.

இது வீண் ஆராய்ச்சியன்று. 1989 மார்ச்சில் சூரியப் புயலொன்றால் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது.

விடுமுறைக்கு ஊர் செல்லுகையில், கடந்தோடும் வண்டியின் ஊதலைக் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். சூரியனை அளக்கும் கோலின் நுனி அங்கேயே இருக்கிறது.