பால்குடிப் பிள்ளைக்கு முட்டை ஊட்டல்

கமக்காரரின் வளவுகளிற் கோழி இல்லாத வளவு அரிது. சூட்டுக்களத்திற் சிந்திய மணியையும், அடுப்படிக் கழிவையும், மாட்டுக்கொட்டிலிலுள்ள புழு பூச்சிகளையும் பொறுக்கித் தின்று, அதிக செலவின்றி அக்கோழிகள் முட்டையிடுகின்றன. ஆயினும் அம்முட்டை அவ்வீட்டிலுள்ள எட்டு மாதப் பிள்ளையின் வாய்க்குப் போகின்றதா என்று பார்த்தால், பல வீடுகளில் இல்லை என்றே சொல்லவேண்டும். முட்டை கடைக்குப் போகின்றது. அதற்கு ஈடாகக் கடையிலிருந்து பிசுக்கோத்தும் சீனியும் வீட்டுக்கு வருகின்றன. பிள்ளை நீர்க்கஞ்சியும் பிசுக்கோத்தும் உண்டு வளர்கின்றது. விதைநெல்லை விற்றுப் பதரை வாங்கும் இத்தகைய வியாபாரத்தை எந்தக் கமக்காரரும் தம் வயலிற் செய்யமாட்டார்.

பயிர்ச்செய்கை பற்றிய துண்டுப் பிரசுரத்திற் பிள்ளை உணவைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். முட்டை வளவின் விளைபொருள். விளைபொருளை நல்ல முறையிற் பயன்படுத்துவதும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும். அன்றியும், கத்தரிச் செடியின் நோயைக் காட்டிய கையோடு, "பிள்ளைக்கு முட்டை கொடுக்கலாமோ, ஐயா?" என்று தாய்மார் கேட்பது இப்பொழுது வழக்கமாகிவிட்டது.

ஆறு மாதம் நிறைந்ததும் தொடங்குக

பிறந்ததிலிருந்து ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர் தானும் வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பால் மட்டும் பிள்ளையின் வளர்ச்சிக்குப் போதாது. எனவே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைக் கொடுத்துக்கொண்டே, அதனுடன் வேறு உணவையும் சேர்த்து ஊட்டவேண்டும். நாற்றுமேடையிற் காலங் கடந்து முற்றிய நாற்று, வயலில் நட்டபின் நன்றாக மட்டம் வெடிப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைக்கு உணவு தொடங்குவதிலும் காலம் அவ்வாறே முக்கியமானது. பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய பின்னரே மற்றையவை என்று காத்திருத்தல் வேண்டாம். நன்கு மசித்த உணவை முரசினாலேயே பிள்ளை நசித்து விழுங்கிக்கொள்ளும்.

நீர்க்கஞ்சி ஏன் போதாது என்பதை இங்கு விளக்குதல் நன்று. 8 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளையின் இரைப்பை ஒரு வேளையில் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர் மட்டுமே கொள்ளும். அஃது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அக்கோப்பையை அரிசி கழுவிய நீர் போன்ற கஞ்சியால் நிரப்பினால், வயிறு நிறையும், உடல் நிறையாது. ஆகவே சிறிய அளவில் மிகுந்த சத்துள்ள உணவே வேண்டும். முட்டை அத்தகையது. 50 கிராம் நிறையுள்ள ஒரு முட்டையில் 6 கிராம் அளவிற் புரதம் உண்டு. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதத்தில் இஃது ஏறக்குறையப் பாதியாகும். மேலும் விற்றமின் ஏ, விற்றமின் பி12, மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின் என்பனவும் மஞ்சட்கருவில் உள்ளன. நாள்தோறும் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஒன்றையேனும் இப்பருவப் பிள்ளைகள் உண்ணவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலிற் கூறியுள்ளது.

"கிரந்தி" என்னும் அச்சம்

முட்டை சூடு, கிரந்தி, சளி கட்டும் என்று நம் ஊர்களிற் பெரியோர் கூறுவர். இவ்வச்சத்துக்கு அவர்களை மட்டுங் குறைகூறுதல் நியாயமன்று. கற்ற மருத்துவர்களும் சில காலம் ஏறக்குறைய இதையே கூறிவந்தனர். ஒவ்வாமை வரக்கூடிய குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு வயது வரை முட்டை கொடுக்கவேண்டாம் என அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000ஆம் ஆண்டில் ஆலோசனை கூறிற்று. அவ்வாறு பிந்திக் கொடுப்பதாற் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லையென்று கண்டு, 2008ஆம் ஆண்டில் அக்கழகமே அவ்வாலோசனையைக் கைவிட்டது.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள் பிந்துதலே தீங்கு என்று காட்டின. அவுத்திரேலியாவில் மெல்பேண் நகரில் 2,500க்கு மேற்பட்ட பிள்ளைகளிடத்தே செய்யப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு வயதுக்குப் பின் முட்டை தொடங்கிய பிள்ளைகளிடையே முட்டை ஒவ்வாமை, நேரத்தோடு தொடங்கியவர்களிலும் பார்க்க மிகக் கூடுதலாகக் காணப்பட்டது. யப்பானில், தோலிற் கரப்பான் உள்ள பிள்ளைகளுள் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் முதல் மிகச் சிறிதளவு அவித்த முட்டைத் தூளை நாள்தோறும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்குக் கொடுக்கவில்லை. ஒரு வயதிற் சோதித்தபோது, கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், கொடுக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கும் முட்டை ஒவ்வாமை இருந்தது. இம்முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

இதற்குக் கூறப்படும் விளக்கம் எளிதானது. வீட்டில் முட்டை புழங்கும்போது அதன் நுண்ணிய துகள் எங்கும் படிகின்றது. கரப்பானால் வெடித்த தோலின் வழியே அது முதலில் உடலினுட் சென்றால், உடல் அதனைப் பகையென்று கருதிவிடும். வாய்வழியே, குடல்வழியே முதலிற் சென்றால், உணவென்று ஏற்றுக்கொள்ளப் பழகும். ஆகவே, கிரந்திக்குப் பயந்து முட்டையை ஒளித்துவைத்த வீட்டிலேயே கிரந்தி கூடுதற்கு இடமுண்டாயிற்று என்பது சற்று வேடிக்கையானதே.

எனினும், கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கும், ஏற்கெனவே வேறொரு உணவு ஒவ்வாத பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்ட பின்னரே முட்டை தொடங்கவேண்டும். யப்பான் மருத்துவர்களும் கரப்பானை மருந்தினால் ஆற்றிக்கொண்டே முட்டையைக் கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது.

அவித்தலும் மசித்தலும்

முட்டையைச் சமைப்பதற்குச் சற்று முன்னரே கழுவுக. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் 10 நிமிடம் அவியவிட்டால் வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகிவிடும். அரையவியல் முட்டையும் பச்சை முட்டையும் சிறு பிள்ளைக்கு ஆகா. பெரியபிள்ளையான பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் நம் வழக்கத்தை நினைத்து, அதிலே கூடிய சத்து உண்டென்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு மாறானது. பச்சை வெண்கருவின் புரதத்திற் பாதியளவே உடலிற் சேரும். அவித்ததில் நூற்றுக்கு 90 பங்கு சேரும். அன்றியும், சல்மனெல்லா என்னும் கிருமி பச்சை முட்டையில் இருக்கக்கூடும். வளர்ந்தவருக்கு இரண்டு நாள் வயிற்றோட்டத்தோடு போவது, பால்குடிப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மஞ்சட்கருவை மட்டும் பல மாதங் கொடுத்துப் பின்னரே வெண்கரு என்னும் பழைய முறை இப்பொழுது தேவையில்லை. இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். இறுகிய மஞ்சட்கரு தனியே தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்; வெண்கருத் துண்டு வழுக்கிச் சென்று மூச்சுக்குழாயை அடைக்கும். ஆதலால் இரண்டையும் கரண்டியின் பின்புறத்தால் நன்றாக நசித்து, கறந்த தாய்ப்பாலிலோ, குழைந்த சோற்றிலோ, அவித்து மசித்த பூசணி அல்லது வற்றாளைக் கிழங்கிலோ கலந்து கூழாக்கி ஊட்டுங்கள். உப்பும் சீனியும் ஒரு வயது வரை வேண்டாம். தேன் கண்டிப்பாகக் கூடாது. தேனிற் சில வேளைகளில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளை முடக்கக்கூடியது.

முதல் நாளிற் கால் தேக்கரண்டி போதும். குழைந்த சோறு, பருப்பு ஆகியவை பிள்ளைக்குப் பழகியபின், காய்ச்சலோ வயிற்றோட்டமோ இல்லாத ஒரு நாளில், காலை வேளையிற் கொடுங்கள். மாலையிற் கொடுத்தால் இரவில் ஏதும் நேர்ந்தாற் கவனிப்பார் இல்லை. அன்று வேறெந்தப் புதிய உணவையும் கொடுக்கவேண்டாம். ஒன்றும் நேரவில்லையெனின் அடுத்த நாட்களில் அரைத் தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி என்று கூட்டி, சில கிழமைகளில் அரை முட்டைக்கும், பின்னர் ஒரு முழு முட்டைக்கும் வரலாம். தொடங்கியபின் நிறுத்திவிடாது கிழமைக்கு இரண்டு மூன்று முறையேனும் கொடுத்துவருதல் வேண்டும். பழகிய உடல் மறந்துவிடக்கூடும்.

ஒவ்வாமை உண்டாயின், பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். வாயைச் சுற்றிச் சிறிது சிவத்தலோடு நின்றால், மேலும் கொடாது மருத்துவமாதிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். உடலெங்குந் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், மீண்டும் மீண்டும் வாந்தி, மூச்சிழுப்பு, பிள்ளை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் கைமருந்து பாராமல், 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து நோயாளர் வண்டியில் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். இது பலருக்கு நேர்வதன்று. நேர்ந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வயது ஏற ஒவ்வாமை நீங்கிவிடுகின்றது.

முட்டை ஒன்றே போதுமா?

ஈக்குவடோர் நாட்டின் மலைப்பிரதேசத்தில் 6 முதல் 9 மாதம் வரையான பிள்ளைகளுக்கு நாளொரு முட்டையாக ஆறு மாதங் கொடுத்துப் பார்த்தபோது, வயதுக்கேற்ற உயரமின்மை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த இச்செய்தி எங்கும் பேசப்பட்டது. ஆனால் ஆபிரிக்காவின் மலாவியில் ஏரிக்கரைப் பகுதியொன்றில் அவ்வாறே செய்தபோது உயரத்தில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அங்குள்ள பிள்ளைகள் முன்னரே ஏரி மீனை உண்டுவந்தமை ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. இதிலிருந்து நான் கொள்வது இதுவே: நாள்தோறும் மீன் கிடைக்கும் கரையோர வீட்டிலும் பார்க்க, மீன்வண்டி இடைக்கிடையே மட்டும் வரும் வன்னிக் குடியேற்றத் திட்ட வீட்டிலேயே வளவுக் கோழியின் முட்டைக்குப் பெறுமதி கூடுதல்.

மேலும், முட்டையில் ஒரு குறையுண்டு. ஒரு முட்டையிலுள்ள இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமிலும் குறைவு. அதுவும் உடலில் எளிதிற் சேராது. ஆறு மாதத்துக்குப் பின் பிள்ளைக்கு மிகவும் தட்டுப்படும் சத்தோ இரும்பே. ஆதலால் ஈரல், மீன், இறைச்சி ஆகியவற்றையும், பருப்பு, பயறு, கீரையுடன் சில துளி தேசிக்காய்ச் சாற்றையும் மாற்றி மாற்றிச் சேர்க்கவேண்டும். முட்டை உண்ணாத சைவ வீட்டார் இதனைப் படித்து மனம் வருந்தவேண்டியதில்லை. பருப்பு, உழுந்து, பயறு, எள்ளு, தயிர் என்பவற்றைத் தவறாது கொடுத்து, இரும்புச்சத்து மருந்து பற்றித் தாய்சேய் நல நிலையத்திற் கேட்டறிக.

வளவிற் செய்யவேண்டியவை

2022ஆம் ஆண்டிற் கோழித்தீவனத் தட்டுப்பாட்டால் முட்டை அருமையாகி, 2023ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. வளவில் நாலைந்து பேடு வைத்திருந்தோர் அக்காலத்திலும் முட்டைக்குக் கடைவாசலில் நிற்கவில்லை. ஊர்க்கோழி ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டை வரை இட்டு அடைகிடக்குமாதலால், ஒரே காலத்தில் அடைக்கு வராத ஐந்தாறு பேடுகள் இருப்பின், பிள்ளைக்கென்று நாளொரு முட்டையை எடுத்துவைத்தல் பெரும்பாலும் இயலும். முட்டையின் ஓடு வெள்ளையோ கபிலமோ, சத்தில் வேறுபாடில்லை.

முட்டையை நாள்தோறும் கூட்டிலிருந்து எடுத்துவிடவேண்டும். வெயிற் காலத்திற் கரு வளரத் தொடங்கும். எடுத்ததும் கழுவுதல் பிழை. ஓட்டின்மேலுள்ள மெல்லிய படலம் நீங்கி, ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்டுளைகளின் வழியே அழுக்கு நீர் உட்செல்லும். எச்சம் பட்டிருப்பின் உலர்ந்த துணியால் துடைத்து, கூரான முனை கீழாக இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வெடித்த முட்டையும் நீரில் மிதக்கும் முட்டையும் பிள்ளைக்கு உதவா. கோழியையும் முட்டையையும் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே பிள்ளைக்கு உணவூட்டுக.

இறுதியாக, மரக்கறிக் கமக்காரர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் பூச்சிநாசினி தெளித்த பாத்தியிற் கோழி மேய்ந்தால், அந்நஞ்சின் ஒரு பகுதி முட்டையில், சிறப்பாக அதன் கொழுப்புள்ள மஞ்சட்கருவிற் சேரக்கூடும். மருந்திட்ட விதைநெல்லின் மிச்சத்தைக் கோழிக்குப் போடுவதும் அவ்வாறே. தெளித்த பாத்தியை வலையால் அடைத்தோ, கோழியைக் கூட்டில் அடைத்தோ, போத்தலிற் குறித்துள்ள காலம் முடியும்வரை காத்திருக்கவேண்டும். நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விலக்கவேண்டுமென்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். அந்நாட்களில் இடும் முட்டையைப் பிள்ளைக்கும் கொடாது, சந்தைக்கும் அனுப்பாது, குழிவெட்டிப் புதைத்துவிடுக.