முட்டையினுள் வித்து மாற்றுதல்

அடைவைத்த கோழிமுட்டையினின்று 21-ஆம் நாள் குஞ்சு வெளிப்படுமென்பதை நாம் யாவரும் அறிவோம். ஆயின், அக்குஞ்சு பிற்காலத்தில் ஈனப்போகும் சந்ததிக்குரிய வித்து, அதன் காலும் சிறகும் உருப்பெறுமுன்னரே கருவில் ஒதுக்கப்பட்டுவிடுகின்றதென்பதைப் பலர் அறியார். ஆதி இனவணுக்கள் எனப்படும் இவ்வித்துக்கள் தோன்றுமிடம் ஒன்று, தங்குமிடம் வேறொன்று. கருவின் தலைப்புறத்தில் பிறைவடிவாய்க் கூடிய இவை, மூன்றாம் நாளளவில் இரத்தத்தோடு ஓடி, விதையாகவோ சூலகமாகவோ ஆகவிருக்கும் உறுப்பைச் சென்றடைகின்றன. பாலூட்டிகளில் இவ்வணுக்கள் இரத்தவழியே செல்வதில்லை.

பறவைக்குரிய இவ்வழக்கமே ஆராய்ச்சியாளர்க்கு வாயிலாயிற்று. ஒரு கருவின் இரத்தத்தினின்று எடுத்த இனவணுக்களை மற்றொரு கருவின் இரத்தத்திற் செலுத்தின், பின்னது வளர்ந்து முன்னதன் மரபுக் குஞ்சுகளையும் ஈனும். ஆனால் ஏற்குங் கருவின் சொந்த அணுக்களே மிகுதியாதலின், புதியவை சிலவே நிலைபெறும். முன்னைப் பயிரை அகற்றாத வயலில் நாற்று நடுதல் எங்ஙனம்?

அகற்றுதற்குக் கண்ட ரசாயனப் பொருள் பூசல்ஃபான் என்பது. இஃது இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கிய மருந்து. இனவணுக்களை விசேஷமாய்த் தாக்கும். அளவு மிஞ்சினாலோ கருவே மாளும். நீரிலும் இஃது எளிதிற் கரையாது. 2008-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை நல்லெண்ணெயோடு குழம்பாக்கி மஞ்சட்கருவினுட் செலுத்தினர். மருந்து மெல்ல மெல்லக் கசிந்தது. சொந்த இனவணுக்கள் 100-க்கு ஒன்றிலுங் குறைந்தன. அக்கருக்களில் அயலணுக்களைச் செலுத்தி வளர்த்தபோது, பிறந்த குஞ்சுகள் ஏறக்குறைய யாவும் அயல்மரபினவாயின.

இதனாற் பயன் யாதெனின், பறவையின் முட்டை உறையவைத்துக் காத்தற்கியலாதது. சேவலின் விந்தை உறையவைக்கலாமெனினும், பெட்டைக்கே உரிய குரோமோசோம் அதில் இல்லை. இனவணுக்களையோ, இருபாற் கருக்களினின்றும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் −196 பாகைக் குளிரில் வைத்துக் காக்கலாம். கொள்ளைநோயால் ஓர் அரிய இனம் அற்றுப்போயினும், வேறினக் கோழியின் வயிற்றில் அது மீளப் பிறக்கும். ஜப்பானின் கிஃபு நாட்டுக்கோழியைக் கொண்டு 2010-இல் இவ்வழி மெய்ப்பிக்கப்பட்டது.

எனினும், இம்மருந்தால் மாளுங் கருக்களும் உளவென்பதை நாம் மறைத்தலாகாது. இக்குறையை நீக்கவே, இனவணுக்கள் மாத்திரம் அழியுமாறு மரபணு திருத்திய கோழிகளை ஸ்காத்லாந்தின் ராஸ்லின் ஆய்வுநிலையத்தார் ஆக்கி, 2021-இல் வெளியிட்டனர்.

தன் மரபை இழந்த கோழி பிறிதொரு மரபுக்குத் தாயாதல் வியத்தற்குரியதே. ஆயினும், குப்பியில் வித்து உண்டென்று எண்ணி, முற்றத்தில் மேயும் உயிரினத்தைக் கைவிடுவோமாயின், அது பேதைமையன்றோ?