பன்னிரண்டு பட்டங்களும் நான்கு தட்டுகளும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்றொரு கடலோர நகரம். அந்த ஊர்க்காரரான கென் கிளைமோ, டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் உலகப் பட்டத்தை 12 முறை வென்றவர். 1990-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் முதல் பட்டம் கிடைத்தது. 1998 வரை ஒன்பது ஆண்டுகள் அது வேறு யார் கைக்கும் போகவில்லை. பிறகு 2000, 2002, 2006 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார். சக ஆட்டக்காரர்களுக்கு அவர் ‘சாம்ப்’. பதினாறு ஆண்டு இடைவெளியில் எத்தனையோ வலுத்த கைகள் வந்துபோன ஒரு விளையாட்டில் இவ்வளவு காலம் ஒருவர் முன்னணியில் நின்றது எப்படி என்பதற்கு அவருடைய எறிமுறையிலும் பையில் இருந்த தட்டுகளிலும் விடை இருக்கிறது.

டிஸ்க் கோல்ஃபில் மட்டை இல்லை, பந்து இல்லை. எறிதட்டுதான் பந்து. குழி இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை நிற்கும். தொடக்க மேடையிலிருந்து எறிந்து, தட்டு விழுந்த இடத்துக்கு நடந்து, அங்கிருந்து மறுபடி எறிந்து, கூடையில் சேர்க்க வேண்டும். எறிதல்களின் எண்ணிக்கை குறையக் குறைய நல்லது. ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் இருந்த எட் ஹெட்ரிக் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்தார். முதலில் வெறும் கம்பங்கள்தாம் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிப் போனதா என்ற சச்சரவு ஓயவில்லை. தட்டைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடையை அவர் உருவாக்கிய பிறகே அது தீர்ந்தது. 1983-இல் டேவ் டனிபேஸ் விளிம்பைக் கத்திபோல் சாய்த்துக் கூராக்கிய ‘ஈகிள்’ தட்டைக் கொண்டுவந்தார். காற்றைக் கிழித்துப் போகும் கோல்ஃப் தட்டு என்ற தனி இனம் அதிலிருந்து பிறந்தது. கிளைமோவின் காலம் அந்த மாற்றத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்குகிறது.

தட்டின் போக்கு தெரியாமல் அவருடைய ஆட்டம் புரியாது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போலவே, சுழற்சிதான் தட்டையும் காற்றில் நிலைநிறுத்துகிறது. வலக்கைக்காரர் நெஞ்சுக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும்போது (இதற்கு பேக்ஹேண்ட் என்று பெயர்) தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகம் நிறைந்திருக்கும் முற்பாதியில் அது நேராகப் போகும் அல்லது வலப்பக்கம் திரும்பும். வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சரிந்து இறங்கும். வலப்பக்கம் எளிதில் புரளாமல் கடைசியில் பலமாக இடப்பக்கம் விழும் தட்டை ஓவர்ஸ்டேபிள் என்பார்கள்; எளிதில் வலப்பக்கம் புரளுவது அண்டர்ஸ்டேபிள். டனிபேஸை நிறுவனர்களில் ஒருவராகக் கொண்ட இன்னோவா நிறுவனம் இந்தக் குணங்களைத் தன் தட்டுகளுக்கு நான்கு எண்களாகவே தந்துவிடுகிறது: வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு.

கிளைமோ தூரம் எறியத் தெரியாதவர் அல்லர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது குறியைத்தான். மரங்களுக்கு இடையே ஒரு சன்னலளவு இடைவெளி இருந்தால் தட்டு அதன் நடுவே போகும். போய், அடுத்த எறிதலுக்கு வசதியான இடத்தில் இறங்கும். உடலை முறுக்கி வெடிக்கும் எறிதலாக இல்லாமல் ஒரே சீராக ஓடும் அசைவு அவருடையது. 1999-இல் தென் கரோலினாவின் ராக் ஹில் நகரில், வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில், அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன் போட்டி முதன்முறையாக நடந்தது. கயிறு கட்டி எல்லை வகுத்த அந்தத் திடலில் ஓரடி தப்பினாலும் தண்டனை எறிதல் சேரும். முரட்டுக் கைகளைத் தண்டிக்கும் அப்படியொரு திடலில் முதல் பட்டம் கிளைமோவுக்குப் போனதில் வியப்பில்லை.

இந்த ஆட்டமுறையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் அடக்கம் சார்ந்தது. கடைக்குப் போகும் புதியவரின் கை, டிரைவர் எனப்படும் நீள எறிதலுக்கான தட்டுகளில், பெட்டியிலேயே மிக வேகமானதைத்தான் எடுக்கும். வேக எண் 12, 13 உள்ள தட்டு, அதற்குரிய கைவேகம் இல்லாதவரிடம், கிளம்பிய உடனே இடப்பக்கம் சரிந்து விழும். அனுபவசாலிகள் புதியவரின் கையில் முதலில் கொடுப்பது பட்டர் எனப்படும் மெதுவான தட்டையும், நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டையும்தான். எறிதலில் உள்ள பிழையை இவை மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். தட்டின் முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் அது எழும்பி, மூச்சடைத்ததுபோல் நின்று, பின்வாங்கி விழும். தூரம் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் கைவலு குறைவு அன்று, இந்த முன்விளிம்புதான். தட்டை நெஞ்சோடு ஒட்டி நேர்க்கோட்டில் இழுப்பதும், விடும் கணம்வரை பிடியை இறுக்கமாக வைத்திருப்பதும் இதற்கு மருந்து. எறிந்த பின் முன்காலை ஊன்றிய இடத்தில் திருகவிடாமல் குதிகாலில் சுழலவிட வேண்டும். இல்லையென்றால் சில ஆண்டுகளில் முழங்கால் கணக்குக் கேட்கும்.

காற்றுக்கும் தனிப் பாடம் உண்டு. எதிர்க்காற்று தட்டின் வேகத்தைக் கூட்டியதுபோல் வேலை செய்யும். சாதாரணமாக நேராகப் போகும் தட்டு வலப்பக்கம் புரளும், மேலும் தூக்கும். பின்காற்றில் இதற்கு நேர்மாறு: தட்டு சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும். எனவே எதிர்க்காற்றில் ஓவர்ஸ்டேபிள் தட்டையும் பின்காற்றில் எளிதில் திரும்பும் தட்டையும் எடுப்பது வழக்கம். காற்று பலமாக இருக்கும் நாளில் இன்னும் பலமாக எறியப் பார்ப்பவர்தான் அதிகம் தோற்பார்.

கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் விதியும் மாறும். தட்டை விட்ட பின், எறியும் இடத்தைக் காட்டும் குறியைத் தாண்டி முன்னால் விழக் கூடாது. நிலைகொண்டு நின்று காட்டிய பிறகே அடி எடுத்து வைக்கலாம். எனவே உடல் எடையை முன்னால் செலுத்தினாலும் கால் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். பயிற்சி என்றாலே தூர எறிதல் என்று நினைப்பவர்கள் இங்கேதான் எறிதல்களை இழக்கிறார்கள். 5, 6 மீட்டரில் நின்று ஒரே நிலை, ஒரே மூச்சு, ஒரே தட்டு என்று நூறு முறை போடுவது சலிப்பூட்டும் வேலை. ஒரு திடலில் பெரும்பாலும் பதினெட்டுக் கூடைகள் இருப்பதை நினைத்தால் அந்தச் சலிப்பு இலாபகரமானது.

இனி பை. விதிப்படி ஒரு தட்டின் விட்டம் 21 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எடை, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு பெரிய தட்டானாலும் 200 கிராம்தான் உச்சம். இந்த வரம்புக்குள் சந்தையில் கிடைக்கும் வகைகளுக்குக் கணக்கில்லை. கிளைமோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை நான்கே: கூடையருகே ஏவியார், நடுத்தூரத்துக்கு ராக், குறி தவறாத நீள எறிதலுக்கு டீபேர்ட், காற்றையும் கூர்மையான இடத்திருப்பத்தையும் சமாளிக்க ஃபயர்பேர்ட். நான்கும் இன்னோவாவின் தயாரிப்புகள். ஏவியாரின் வேக எண் 2, ராக்குக்கு 4, டீபேர்டுக்கு 7, ஃபயர்பேர்டுக்கு 9. இன்றைய டிரைவர்களோடு ஒப்பிட்டால் இது நிதானமான பை.

இவற்றில் ராக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். புதிய ராக் இடப்பக்கம் பிடிவாதமாகச் சரியும். மரத்திலும் கல்லிலும் மோதி விளிம்பு தேயத் தேய அந்தப் பிடிவாதம் தளர்ந்து நேராகும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். அதனால் புதியது, பாதி தேய்ந்தது, நன்றாகத் தேய்ந்தது என்று ஒரே வகைத் தட்டை மூன்று வயதில் வைத்துக்கொண்டால் மூன்று வேறு பாதைகள் கிடைக்கும். கைக்கோ அதே பிடி, அதே கனம். வகை வகையாக இருபது தட்டு சுமப்பவருக்கு இந்த நெருக்கம் வாய்க்காது. தேய்மானத்துக்கு ஏற்றவை மலிவான மென் பிளாஸ்டிக் தட்டுகள். கெட்டியான விலையுயர்ந்த பிளாஸ்டிக்கில் வார்த்தவை நெடுநாள் குணம் மாறாமல் இருக்கும். ஃபயர்பேர்ட் போல எப்போதும் ஒரே மாதிரி இடப்பக்கம் விழ வேண்டிய தட்டுக்கு அதுதான் பொருத்தம்.

ஏவியாரும் ராக்கும் கிளைமோவின் பெயரின் முதல் எழுத்துகளைத் தாங்கிய ‘கேசி புரோ’ என்ற பிளாஸ்டிக்கில் வந்தன. கையில் உறுதியாக இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். அவற்றின் முகப்பில் அவர் வென்ற உலகப் பட்டங்களின் எண்ணிக்கையையும் அச்சிடுவார்கள். அவர் மறுபடி வென்றபோதெல்லாம் அச்சும் மாறியது. முகப்பில் 10 இருந்தால் அது 2000-ஆம் ஆண்டு வெற்றிக்குப் பின் வந்தது, 11 இருந்தால் 2002-க்குப் பின். சிறிய எண் உள்ள பழைய ராக்குகளைச் சேகரிப்பவர்கள் தேடிப்பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2006-இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் கிடைத்த வெற்றியோடு அந்த எண் 12-இல் நின்றது.